ஆறரை இன்னிங்ஸ்



ஜூன் பிறந்துவிட்டது. சிகாகோவின் பேஸ்பால் மைதானமான ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவரில் படர்ந்திருக்கும் கொடி முழுப் பச்சைக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் போயிருந்தால் காய்ந்த தண்டுகளைத்தான் பார்த்திருப்போம். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்றும் எலும்பு வரை இறங்கும். அதனால்தான் பிள்ளைகளை அழைத்துப்போக இத்தனை நாள் காத்திருந்தேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. இருவருக்கும் இது முதல் பேஸ்பால் ஆட்டம்.

ரெட் லைன் ரயிலில் ஏறி அடிசன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் கண்ணெதிரே நிற்கிறது. 1914-ல் கட்டியது. குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே, வீடுகளோடு வீடாக இருக்கிறது. எதிர்ச்சாரி மொட்டைமாடிகளில் படிப்படியாக இருக்கை போட்டு, அங்கிருந்தும் ஆட்டம் பார்க்கிறார்கள். தேரோட்டம் பார்க்க மாடிவீடுகளில் கூட்டம் ஏறி நிற்குமே, அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது.

சிறு பிள்ளைகளுக்கு இந்த மைதானத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இங்கே பகலாட்டம் அதிகம். மற்ற ஊர்களில் எல்லாம் இரவு விளக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ரிக்லியில் விளக்கு கிடையாது. 1941-ல் விளக்குக்கான தளவாடங்களை வாங்கியும் வைத்தார்கள். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அவற்றைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 1988 ஆகஸ்ட் 8 அன்றுதான் முதன்முதலாக விளக்கு எரிந்தது. அந்த ஆட்டமும் மழையில் நின்றுபோனது. இன்றும் அக்கம்பக்கத்து வீடுகளை உத்தேசித்து இரவாட்டங்களுக்கு நகராட்சி வரம்பு வைத்திருக்கிறது. மதியம் 1:20-க்குத் தொடங்கும் ஆட்டத்துக்குக் குழந்தைகளைத் தூக்கக் கலக்கம் இல்லாமல் அழைத்துப்போகலாம். பள்ளி விடுமுறையில் மதிய வெயிலில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள்தான் இந்த ஊரில் பல தலைமுறைகளாக இந்த மைதானத்தின் அணியான கப்ஸின் ரசிகர்களாக வளர்ந்திருக்கிறார்கள்.

மைதானத்துக்கு வெளியே எர்னி பேங்க்ஸின் சிலை இருக்கிறது. மகள் அங்கேயே நின்றுவிட்டாள். "இவர் யாரும்மா? நிறைய ஜெயிச்சாரா?"

பேங்க்ஸ் 1953-ல் கப்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். 19 பருவங்களும் இதே அணிக்கு ஆடினார். 512 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் ஒரே ஒருமுறைகூட அவருடைய அணி இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. 1908-க்குப் பிறகு கோப்பையே காணாத அணி, அதை வென்றது 2016-ல். பேங்க்ஸ் 2015 ஜனவரியில் காலமாகிவிட்டார். "ஜெயிக்கலை கண்ணு, ஆனா எல்லாருக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும்" என்றேன். அவள் சிலையின் கால்சட்டை மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

இருக்கையைப் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வலைக்குப் பின்னால் உட்காருங்கள். மட்டையில் தவறாகப் பட்டுப் பக்கவாட்டில் பறக்கும் பந்தை ஃபவுல் பந்து என்கிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் கூட்டத்துக்குள் வந்துவிடும். 2019 மே மாதம் ஹூஸ்டனில் கப்ஸ் அணியின் ஆல்பர்ட் அல்மோரா அடித்த அப்படியொரு பந்து இரண்டு வயதுப் பெண் குழந்தையின் தலையில் பட்டது. அந்த இளைஞர் மைதானத்திலேயே மண்டியிட்டு அழுதார். அவரும் இரண்டு மகன்களுக்குத் தகப்பன். அவர் அழுத அந்தப் படத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகுதான் கப்ஸ் ஆடும் மேஜர் லீகின் முப்பது அணிகளின் மைதானங்களிலும் பாதுகாப்பு வலையை இன்னும் நீளமாக இழுத்துக் கட்ட முடிவெடுத்தார்கள். முன்பே செய்திருக்க வேண்டும். வலை கண்ணை மறைக்கிறது என்று முணுமுணுத்த ரசிகர்களுக்காக இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டது பெரிய தவறு. பத்து நிமிடத்தில் வலை இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மூன்றாம் பேஸ் பக்கம், மேல்தட்டின் நிழல் விழும் வரிசையில் உட்கார்ந்தோம். கையில் எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் இருந்தன. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக இங்கே அனுமதிக்கிறார்கள். மகனுக்கு மட்டும் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை ஒரு பை வாங்கிக் கொடுத்தேன். கடலையை உடைத்துத் தின்றுவிட்டு ஓட்டைக் காலடியிலேயே போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு இன்னிங்ஸ் முடிய அந்த ஒரு பை போதுமானதாக இருந்தது.

மகளுக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டே இருந்தேன். கிரிக்கெட்டில் 22 கஜம், இங்கே பந்து வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே அறுபது அடி ஆறு அங்குலம். பந்து தரையில் குத்தாமல் வரும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி ஆட வரும். பந்தில் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல். 1908-லிருந்து 2016 வரைக்கும் கூட்டிப் பார், அதுவும் 108 வருஷம். இப்படியே மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் அவள் என் கைமேல் கை வைத்து, "அம்மா, நீ பேசாம இரு. நான் அந்த ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கேன்" என்றாள்.

எந்த ஜன்னல்? அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மைய ஆடுகளத்துக்குப் பின்னால், உயரத்தில், 1937-ல் வைத்த பச்சை நிற ஸ்கோர் பலகை நிற்கிறது. அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் சதுர ஓட்டையில் இருக்கும் எண்தகட்டை எடுத்துவிட்டுக் கையாலேயே வேறொன்றை வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் அதே நேரத்தில் நடக்கும் ஆட்டங்களின் எண்களும் அதே பலகையில் மாறிக்கொண்டிருக்கின்றன. என் மகளின் ஆட்டம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஓட்டை காலியாகும், உள்ளே இருட்டு தெரியும், ஏதோ அசையும், பிறகு புது எண் வந்து உட்காரும். "இப்ப மூணு வரும் பாரேன்!" அவள் சொன்ன எண் வந்தால் கைதட்டினாள். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக நான் கவனிக்காத இடம் அது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் அழுகையும் வந்தது. மூன்றாவது ஆள் அவுட்டானதும் பந்தை வைத்திருக்கும் வீரர் கேலரியில் இருக்கும் குழந்தை யாருக்காவது அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போவது வழக்கம். முன்வரிசையில் இருந்த ஒரு பையனுக்குப் பந்து கிடைத்தது. "எனக்கு ஏன் தரலை?" என்று மகள் தேம்ப ஆரம்பித்தாள். சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பையனின் தாத்தா திரும்பிப் பார்த்தார், பேரனிடம் ஏதோ சொன்னார். பையன் படியேறி வந்து பந்தை அவள் கையில் வைத்தான். தொட்டுப் பார்க்க மட்டும்தான் என்பதை அவன் முகமே சொல்லியது. அவள் சிவப்புத் தையலை விரலால் தடவி, உதடு அசைய எண்ணினாள். பதினெட்டு வரை எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை.

அந்தத் தாத்தாவைப் பார்த்தபோது எனக்கு என் அப்பா நினைவு வந்தது. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டின் கடைசி நாள். எனக்கு ஒன்பது வயது. டெண்டுல்கர் 136 அடித்தார், இந்தியா பன்னிரண்டு ரன்னில் தோற்றது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று என் மனத்தில் தங்கியது அப்பாவின் சட்டைப்பையில் இருந்த கடலைப் பொட்டலமும், வெற்றி பெற்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அவர் எழுந்து நின்றதும்தான். கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. அப்பா கண் கலங்கியிருந்தார். என் இரு கைகளையும் பிடித்துத் தன் கையோடு சேர்த்துத் தட்டவைத்தார். அப்பா இப்போது இல்லை. அந்தக் கைகளின் சூடு இருக்கிறது.

முன்பெல்லாம் ஓர் ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். 2023-ல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்த பிறகு சராசரி இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது நீளம்தான். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து கைகாலை நீட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவார்கள். பந்தாட்டத்துக்கு அழைத்துப்போ என்று கேட்கும் பாட்டு அது. 1908-ல், 2016-க்கு முன் கப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்ற அதே ஆண்டில் எழுதியது. ஹாரி கேரே என்ற வர்ணனையாளர் மைக்கை வெளியே நீட்டி ஊரையே பாடவைத்தார். அவர் 1998-ல் மறைந்த பிறகும் விருந்தினர் ஒருவரை அழைத்து அதைத் தொடர்கிறார்கள். பாட்டில் வேர்க்கடலை என்ற சொல் வந்ததும் மகன் தன் காலிப் பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டோம். கணக்குப்படி ஆறரை இன்னிங்ஸ். கொடுத்த காசுக்குக் கடைசிவரை இருக்க வேண்டும் என்று குழந்தைகளை இழுத்துப் பிடித்து உட்காரவைக்காதீர்கள்.

வெளிச்சுவரை ஒட்டி நடந்தோம். 2016-ல் கப்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனபோது, இந்தச் செங்கற்களில் மக்கள் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். தங்களைச் சிறுவயதில் இங்கே கூட்டிவந்து, அந்த வெற்றியைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த அப்பா, பாட்டி, மாமா பெயர்கள். எட்டிய உயரம் வரை எழுதினார்கள். மேலே எழுத ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்த எழுத்துகள் இல்லை. மகளிடம் இதைச் சொன்னேன். "நாம தாத்தா பேரு எழுதலாமா?" என்றாள். கையில் சாக்பீஸ் இல்லை. விரலாலேயே எழுதினாள், தமிழில், நான் எழுத்துக்கூட்டச் சொல்ல.

ஸ்கோர் பலகையின் உச்சியில் ஆட்டம் முடிந்ததும் கொடி ஏற்றுவார்கள். வென்றால் வெள்ளை, தோற்றால் நீலம். ரயிலில் வீட்டுக்குப் போகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தொடங்கிய பழக்கம். நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்து அடிசனில் ரயிலேறியபோது நீலக்கொடி பறந்துகொண்டிருந்தது.

இந்தக் கோடையில் பிள்ளைகளோடு சில மாதம் தங்கிப்போக ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆட்டம் புரியாது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மேஜர் லீக் டிக்கெட் கைக்கு எட்டவில்லை என்றால், சிகாகோவுக்கு மேற்கே ஜெனீவா ஊரில் கேன் கவுன்டி கூகர்ஸ் என்ற சிறிய தொழில்முறை அணி ஆடுகிறது. புல்தரையில் விரிப்பை விரித்து உட்காரலாம். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மதியம் போய்வாருங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். கடலை அங்கேயே கிடைக்கும்.