கண்டெடுத்ததும் அமானிதமே

உலோகங்காணும் கருவி வாங்கிய என் மாணவர் ஒருவர், தருமபுரி வயல்களில் பழங்காசு தேடத் தொடங்கலாமா என வினவினார். ஆசை இயல்பே. 1792 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த பாரமகால் பூமியன்றோ இது! யானை பொறித்த அவருடைய செப்புக் காசுகள் பலவற்றில், மவுலூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக அமைந்திருக்கும். அவற்றை வாசிப்பது அரபி கற்ற எனக்கும் இன்பமே.

ஆயினும், 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் விதித்தது. ஃபிக்ஹு நூல்களோ, இஸ்லாத்துக்கு முந்திய புதையலாகிய ‘ரிகாஸி’ல் ஐந்தில் ஒரு பங்கைக் கடமையாக்குகின்றன. இஸ்லாமிய முத்திரையுள்ள காசாயின் அது ‘லுகதா’. ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். இரண்டின் கருத்தும் ஒன்றே: கண்டெடுத்த மாத்திரத்தில் எவரும் உரியவராகிவிடுவதில்லை.

ஆகவே, நில உடைமையாளரின் அனுமதி முதலில், கருவி பிறகு.