எத்தனை பேர் படிச்சாங்க?

"எழுதி என்னடா ஆகப்போகுது? எத்தனை பேர் படிக்கிறாங்க?" வகுப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பி.காம். படிக்கிற நாங்கள் எதையும் லாப நட்டக் கணக்கில்தானே பார்ப்போம், அதனால் கேள்வியில் தப்பில்லை. ஆனால் வரவு என்று எதை எழுதுவது என்பதில்தான் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டை.

சி.சு. செல்லப்பாவை 'வாடிவாசல்' எழுதியவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1959ல் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். பெரிய வார இதழ்கள் தொடர்கதைகளோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இவரோ புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'எழுத்து'வைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, நகுலன் எல்லாரும் அதில் எழுதினார்கள். திரிகோணமலைக்காரரான பிரமிள் அதில் எழுத ஆரம்பித்தபோது கிட்டத்தட்ட நம் வயசுதான். கவிதை மட்டுமல்ல, ஒரு படைப்பு ஏன் நன்றாக இருக்கிறது, ஏன் இல்லை என்ற விமர்சனமும் அங்கே நடந்தது. தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதில் அந்தச் சின்னக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

செல்லப்பா அளவுக்கெல்லாம் நாம் போக வேண்டாம். என் கதைக்கு வருகிறேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்வரும் லாரிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "லாரி போனதும் தூசி பறந்தது" என்று ஒரு வரி. பெரம்பலூர் நண்பன் ஒருவன் படித்துவிட்டு, "தூசி எல்லா ஊர்லயும்தான் பறக்குது, இதுல நம்ம ஊர் எங்க?" என்றான். மறுநாள் பேருந்திலிருந்து கவனித்துப் பார்த்தேன். சாலையோர வேப்பமரத்தில் சாலையைப் பார்த்த இலைகள் மட்டும் வெளுத்துக் கிடந்தன. மறுபக்கம் நல்ல பச்சை. அதை ஒரே வரியில் கொண்டுவர மூன்று நாள் ஆனது. இதுவரை அதைப் படித்தவன் அவன் ஒருத்தன்தான். என் கணக்கில் அது வரவு.

வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். படிக்கிறேன். எழுதக் கிடைப்பது ராத்திரி ஒரு மணி நேரம். அதையும் எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணுவதில் செலவழித்தால் எப்போது எழுதப் பழகுவது?

ஆகவே நண்பர்களே, "சூப்பர்" என்று சொல்லி என்னைத் தப்பிக்க விடாதீர்கள். எந்த வரியில் உங்களுக்குச் சலிப்புத் தட்டியது, அதைச் சொல்லுங்கள்.