கிளியனூர் வழியே கேரவன் போனால்...

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். ஊரில் பழமையான அகத்தீஸ்வரர் கோயில். கிழக்கே, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி.

கேரவன் என்றாலே சினிமா நட்சத்திரங்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால், குடும்பங்களும் போகும் கேரவன் சுற்றுலாவைக் கேரளா 2021-லேயே அறிவித்துவிட்டது. படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. அப்படியானால், கழிவு?

வண்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் சேரும். ஹோஸ் மாட்டித்தான் அதைக் காலி செய்ய வேண்டும். ஹோஸ் தொய்ந்து கிடந்தால் பள்ளத்தில் கழிவு தேங்கி அடைத்துக்கொள்ளும்; கழற்றும்போது காலில் கொட்டும். அதனால் ஹோஸுக்கு அடியில் மடக்குத் தாங்கி வைக்கிறார்கள். வண்டிப் பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு போதும். தாங்கி இல்லையா? செங்கல் அடுக்கலாம். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கடைசியில் விட்டால் ஹோஸும் அலசப்பட்டுவிடும்.

ஹோஸின் மறுமுனை முறையான கழிவுத் தொட்டிக்குள் இருப்பதுதான் முக்கியம். இருட்டில் சாலையோர ஓடையில் திறந்துவிட்டால் ஏரி கெடும். இந்தப் பகுதியின் பல ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர், கடைசியில் வலசைப் பறவைகள் இறங்கும் கழுவேலிக்குத்தான் போகிறது.