நான்கு வட்டங்கள் எங்கிருந்து வந்தன?

ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும்: இனிமேல் என்ன? தபால் துறையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் அதைக் கேட்க நேரமில்லாமல் பேரப்பிள்ளைகளோடு ஒன்றிவிட்டார்கள். சிலர் கேட்டுக் கேட்டே சோர்ந்துபோனார்கள். அவர்களுக்காக ஏழு நிமிடத்தில் ஒரு வீடியோ எடுக்கலாம் என்று தோன்றியது. நோக்கத்தோடு வாழ்வது பற்றி, என் முகத்தோடு, என் குரலில். உபதேசம் எதுவும் வேண்டாம். காலையில் எழுந்தால் எனக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, நடுவில் ஒரு படத்தைக் காட்டி விளக்குவது என்று திட்டம்.

அந்தப் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் நான்கு வட்டங்கள். உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, உனக்குப் பணம் தரக்கூடியது. நான்கும் சேரும் நடுப்பகுதியில் ‘இக்கிகய்’ என்று எழுதியிருக்கும். ஜப்பானியர்களின் நீண்ட ஆயுளுக்கு இதுதான் ரகசியம் என்று மேலே ஒரு வரி இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும், அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் திரையில் வரும், கல்லூரி விழாக்களில் சிறப்பு விருந்தினர் அதைச் சொல்லி முடிப்பார்.

வீடியோவை வெட்டி ஒட்டித் தர ஒப்புக்கொண்ட சித்தி மகன்தான் அந்த இடத்தில் நிறுத்தினான்.

“அக்கா, இந்தப் படம் யாரோடது? கீழ பேர் போடணும்ல?”

“ஜப்பான்காரங்களோடதுப்பா. ஜப்பான்னு போட்டுடு.”

“ஜப்பான்னா ஒரு ஆளா? வரைஞ்சது யாருன்னு பார்த்துச் சொல்லுங்க, போட்டுடறேன்.”

முதலில் எடுத்தது வீட்டிலேயே இருந்த புத்தகம். ஹெக்டர் கார்சியாவும் ஃபிரான்செஸ்க் மிராயெஸும் எழுதி 2016இல் ஸ்பானிய மொழியில் வந்த ‘இக்கிகய்’. அடுத்த ஆண்டு ஆங்கிலத்துக்குப் போய் உலகமெங்கும் விற்றது. தமிழிலும் வந்து புத்தகக் காட்சிகளில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒகினாவா தீவின் ஒகிமி கிராமத்துக்குப் போய், அங்குள்ள முதியவர்களிடம் பேசி எழுதிய நூல். நான்கு வட்டப் படம் ஆங்கிலப் பதிப்பின் தொடக்கப் பக்கங்களிலேயே உண்டு. ஆனால் அது ஒகிமி முதியவர்கள் யாரும் வரைந்து காட்டியதல்ல. மார்க் வின் என்பவரின் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்கிறது அங்குள்ள குறிப்பு.

மார்க் வின் ஜப்பானியர் அல்ல. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலில் கிடக்கும் கெர்ன்சி என்ற சின்னத் தீவில் இருப்பவர், தொழில்முனைவோர்களுக்கு வழிகாட்டுபவர். 2014 மே மாதம் இணையத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இரண்டு விஷயங்கள் அவர் மனதில் ஒரே சமயத்தில் இருந்தன. ஒன்று, நீண்ட ஆயுள் பற்றி அவர் பார்த்த ஒரு சொற்பொழிவு. அதில்தான் இக்கிகய் என்ற சொல்லை அவர் கேட்டார். மற்றொன்று, வாழ்க்கை நோக்கத்தை விளக்க ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்த நான்கு வட்டப் படம். அதன் நடுவில் ‘நோக்கம்’ என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு ‘இக்கிகய்’ என்று போட்டார். அவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்து இதை அவரே வெளிப்படையாக எழுதினார்: முக்கால் மணி நேரத்தில் எழுதிய கட்டுரை, படத்தில் மாற்றியது ஒரே ஒரு சொல். மறைக்க அவர் எதுவும் முயலவில்லை. பகிர்ந்தவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் நடந்தது.

அவர் பார்த்த சொற்பொழிவையும் தேடிப் பார்த்தேன். அமெரிக்கரான டான் பட்னர் 2009இல் டெட் மேடையொன்றில் பேசியது. நூறு வயதைத் தாண்டியவர்கள் அதிகம் வாழும் பகுதிகளை ‘நீல மண்டலங்கள்’ என்ற பெயரில் பிரபலப்படுத்தியவர் அவர். 2005 நவம்பரில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைப்படக் கட்டுரையே அவருடையதுதான். ஒகினாவாவைப் பற்றிப் பேசும்போது இக்கிகய்க்கு மூன்று பேரைச் சொல்கிறார். 102 வயது கராத்தே ஆசிரியருக்கு அந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. நூறு வயது மீனவருக்கு வாரத்தில் மூன்று நாள் குடும்பத்துக்காக மீன் பிடித்து வருவது. 102 வயதுப் பாட்டிக்குத் தன் எள்ளுப்பேத்திக்கும் அடுத்த தலைமுறைக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். மூன்று பேரையும் நான்கு வட்டத்துக்குள் உட்கார வைத்துப் பாருங்கள். பாட்டிக்கு யார் பணம் தருகிறார்கள்? குழந்தையை மடியில் வைத்திருப்பது எந்தத் திறமையில் சேரும்? மீனவர் பிடிக்கும் மீன் உலகுக்குத் தேவையா, வீட்டு அடுப்புக்குத் தேவையா? எந்தச் சொற்பொழிவு இந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்ததோ, அதில் வந்தவர்களே படத்துக்கு வெளியில் நிற்கிறார்கள்.

அப்படியானால் வட்டங்களை முதலில் வரைந்தது யார்? அந்தத் தடம் ஸ்பெயினுக்குப் போனது. ஆந்த்ரெஸ் சுசுனாகா 2011இல் வரைந்தது. 2012இல் போர்ஹா விலாசேகா என்ற ஸ்பானிய எழுத்தாளரின் நூலில் அச்சானது. நடுவில் ஸ்பானிய மொழியில் ‘நோக்கம்’ என்றுதான் இருந்தது. ஜப்பான் என்ற பேச்சே இல்லை. சுசுனாகாவின் தொழில் ஜோதிடம். ஜாதகக் கட்டங்களோடு பழகிய கை வரைந்த வட்டங்கள் அவை. இதைச் சொன்னதும் சித்தி மகன் சிரித்தே விட்டான். “நம்ம ஊர்லயே கேட்டிருக்கலாமேக்கா!” எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. எந்த வேலைக்குப் போகலாம், எந்தத் தொழிலைத் தொடங்கலாம் என்று குழம்பும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த நான்கு கேள்விகளும் நல்ல கேள்விகள். அவற்றை ஜப்பானிய முதுமையின் ஞானம் என்று சொல்லி அறுபது வயதுக்காரர் கையில் கொடுப்பதுதான் பிரச்சினை. சம்பளம் நின்றுபோன மறுநாளே அவருடைய நான்கு வட்டங்களில் ஒன்று காலி.

படத்தின் கதை அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் ஆர்வம் அடங்கவில்லை. ஜப்பானில் ஜப்பானியர்கள் இக்கிகய் என்று எதைச் சொல்கிறார்கள்?

அன்றாடப் பேச்சில் அது சாதாரணச் சொல். வாழ்க்கையில் ஒரு பிடிப்பு என்று நாம் சொல்வதற்கு அருகில் வரும். 2010இல் ஜப்பானில் 2,000 பேரிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், வேலையே தங்கள் இக்கிகய் என்று சொன்னவர்கள் 31 சதவீதம் பேர்தான். அலுவலகமே கதி என்று கிடப்பதாக நாம் நினைக்கும் நாட்டில் இந்த நிலை.

வடகிழக்கு ஜப்பானின் மியாகி மாகாணத்தில், ஒசாகி பகுதியில் நடந்த ஆய்வு இன்னும் பெரியது. 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்டது ஒரே கேள்வி: உங்கள் வாழ்வில் இக்கிகய் இருக்கிறதா? 59 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 36.4 சதவீதம் பேரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 4.6 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். அந்த ஏழு ஆண்டுகளில் இல்லை என்றவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. இதய, ரத்தநாள நோய்களிலும் விபத்து, தற்கொலை போன்ற புறக் காரணங்களிலும் வித்தியாசம் தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. இல்லை என்றவர்களிடையே வேலையில்லாதவர்களும், மணமாகாதவர்களும், படிப்பு குறைந்தவர்களும், ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களும் அதிகம். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது என்பது உண்மை. ஆனாலும் பிடிப்பு இல்லை என்று சொன்னவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு, ‘உன் நோக்கத்தைக் கண்டுபிடி’ என்று அவர்களிடம் சொல்வது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் மியேகோ காமியாவின் பெயர் வந்தது. 1966இல் வெளியான அவருடைய ‘இக்கிகய் பற்றி’ என்ற நூலைத் தொடாமல் ஜப்பானில் இந்தப் பொருளை யாரும் பேசுவதில்லை. 1914இல் ஒகயாமாவில் பிறந்து 1979இல் மறைந்த மனநல மருத்துவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜெனீவாவில் வளர்ந்தவர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அவருடைய தந்தை கல்வி அமைச்சராக இருந்தார். 19 வயதில் ஆர்கன் வாசிப்பதற்காகத் தன் மாமாவோடு ஒரு தொழுநோய் இல்லத்துக்குப் போனார். அந்த நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே விழுந்தது. வீட்டில் சம்மதிக்கவில்லை. பிறகு அவருக்கே காசநோய் வந்தது. பிழைப்போமா என்று தெரியாத நாட்களில் மார்க்கஸ் அரேலியஸைக் கிரேக்க மூலத்தில் படித்தார்; பின்னால் அதை ஜப்பானிய மொழியில் பெயர்க்கவும் செய்தார்.

அவர் நினைத்த வேலை 1957இல் கைகூடியது. செத்தோ உள்கடலில் நாகாஷிமா என்றொரு தீவு. 1930இல் ஜப்பான் அரசு தொடங்கிய முதல் தேசியத் தொழுநோய் இல்லம் அங்கேதான் இருக்கிறது. நோய் வந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கையில் இருந்த பணத்தை வாங்கிக்கொண்டு, தீவுக்குள் மட்டும் செல்லும் காசு கொடுத்தார்கள். வெளியில் அது செல்லாது என்பதால் தப்பினாலும் போக வழியில்லை. சொந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயரில் வாழ்ந்தவர்கள் ஏராளம். இவர்களிடையே 1972 வரை காமியா மனநல மருத்துவராகப் போய்வந்துகொண்டிருந்தார்.

அங்கே அவர் கேட்டறிந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். நாளை என்று ஒன்றுமில்லை, பொழுது போகவில்லை, இருந்து என்ன பயன் என்றார்கள் பலர். எதிர்பாராதது வேறு. அதே தீவில், அதே நோயோடு, சிலர் உயிர்ப்போடு இருந்தார்கள். நோயின் கடுமையை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது? அவருடைய நூல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. பிடிப்பைத் தரும் பொருள் ஒன்று, அது இருப்பதாக மனம் உணர்வது மற்றொன்று என்று அவர் பிரித்துப் பார்த்தார். அந்த உணர்வு எப்போதும் வரப்போகும் நாளை நோக்கியே இருக்கிறது என்பது அவர் கண்டது. இன்று எவ்வளவு துன்பமாக இருந்தாலும், நாளைக்கென்று ஒன்று இருந்தால் அது நிற்கிறது.

அதே தீவில் 1953இல் ‘நீலப் பறவை’ என்ற பெயரில் ஒரு ஹார்மோனிகா இசைக்குழு தொடங்கியது. பார்வையிழந்த நோயாளிகள் சேர்ந்து அமைத்த குழு. தொடங்கியவர் கோயிச்சி கோந்தோ. கண் தெரியாதவர்களுக்கு பிரெய்ல் இருக்கிறது, ஆனால் தொழுநோயில் விரல் நுனிகள் உணர்விழந்துவிடும். எனவே அவர் பிரெய்லில் எழுதிய இசைக் குறிப்புகளை நாக்கால் தடவிப் படித்தார். புள்ளிகள் கீறி நாக்கில் ரத்தம் வரும். அப்படிப் படித்ததைத்தான் குழுவினருக்கும் சொல்லிக்கொடுத்து வாசித்தார்கள். நான்கு வட்டத்தின் கணக்குப்படி அவர்களிடம் என்ன இருந்தது? உலகம் அவர்களைத் தேவையில்லை என்று சட்டம் போட்டே ஒதுக்கியிருந்தது. பணம் தர ஆளில்லை. நன்றாக வருவது என்று சொல்ல, தொடங்கும்போது அவர்களுக்கு இசைப் பயிற்சிகூட இல்லை.

இதைப் படித்ததும், எந்த நிலையிலும் மனிதன் பிடிப்பைக் கண்டடைந்துவிடுவான் என்று வீடியோவை முடித்துவிடலாம் என்ற ஆசை வரத்தான் செய்தது. கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் ஜப்பானிலேயே காமியாவின் மீது ஒரு விமர்சனம் உண்டு: நோயாளிகளின் உள்மனதை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், அவர்களை அடைத்து வைத்த கொள்கையை எதிர்த்துப் போதுமான அளவு பேசவில்லை. அதில் விஷயம் இருக்கிறது. 1940களின் இறுதியிலேயே நோயைக் குணப்படுத்தும் மருந்து ஜப்பானில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இருந்தும் 1953இல் தனிமைப்படுத்தும் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். அது 1996இல்தான் நீங்கியது. 2001இல் குமமோத்தோ நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

நாகாஷிமாவுக்கும் கரைக்கும் இடையிலான கடல், குறுகலான இடத்தில் சுமார் 30 மீட்டர்தான். அதைக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று தீவுவாசிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1988இல் பாலம் வந்தது. மனிதத்தன்மையை மீட்ட பாலம் என்று அதைச் சொல்கிறார்கள். இசைக்குழுவைத் தீவுக்காரர்களே அமைத்துக்கொண்டார்கள். பாலத்தை அவர்களால் கட்டிக்கொள்ள முடியாது. அது கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது.

என் வீடியோவின் திட்டம் இங்கேதான் மாறியது. சக ஊழியர்களிடம் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்கப் போவதில்லை. நாளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கப் போகிறேன். அதற்கு யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். பதில் இல்லாதவர்களின் மௌனமும் உடனே புரிந்துவிடும். அந்த மௌனத்துக்கு அவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்” என்று பாசத்தோடு சொல்லித்தான் கடைச் சாவியை, ரேஷன் அட்டையை, சமையலறையை, வங்கிக் கணக்கை ஒவ்வொன்றாக அவர்கள் கையிலிருந்து வாங்கி வைக்கிறோம். பிறகு அவர்களுக்குப் பிடிப்பு இல்லையே என்று கவலைப்பட்டு, நான்கு வட்டப் படத்தை அனுப்பி வைக்கிறோம். ஏழு நிமிடத்தில் மூன்றுதான் ஓய்வு பெற்றவர்களுக்கு. மீதி நான்கும், அவர்களிடமிருந்து எதை வாங்கி வைத்தோம், அதில் எதைத் திருப்பித் தரலாம் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பதற்கு.