மேட்டு வீட்டு ரப்பர் குழாய்

2020 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களுக்கு அந்த வாரம் மறந்திருக்காது. ரவாங் பக்கம் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து துர்நாற்றம் கிளம்ப, நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1,292 பகுதிகளில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் வேறு. கையை அடிக்கடி கழுவுங்கள் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. கழுவத்தான் தண்ணீர் இல்லை.

எங்கள் தெரு சரிவில் இறங்கும் தெரு. மேல்கோடி வீடு எங்களுடையது. தண்ணீர் நின்றால் முதலில் நிற்பதும், வந்தால் கடைசியாக வருவதும் எங்களுக்குத்தான். அதனால் தெருவின் புலனக் குழுவில் அதிகம் கொதித்தவனும் நான்தான். "மேலே இருப்பவன் கழிவைக் கொட்டுவான், கீழே இருப்பவன் அதைக் குடிக்க வேண்டுமா?" என்று மலாயில் நீளமாக எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அப்பா குழுவில் எதுவும் எழுத மாட்டார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கவலையெல்லாம் வீட்டின் பின்புறம் தன் கையாலேயே சிமெண்டு பூசிக் கட்டிய மீன் குளம்தான். அதில் முப்பது திலாப்பியா இருக்கும். தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாததால், இரவு படுக்கப்போகும் முன் வெளிக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் குளத்தின் அடிவரை இறக்கி, பைப்பைத் திறந்தே விட்டிருந்தார். "வந்தா குளமும் நெறஞ்சிக்கும், சத்தம் கேட்டு நாமளும் எந்திரிச்சு வாளிய வச்சிக்கலாம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விடிந்ததும் அப்பா என்னை எழுப்பினார்.

"தம்பி, குளத்துல ஒரு சாண் தண்ணி கொறஞ்சிருக்குடா."

வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து தேடினோம். குளத்தைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்போது கைப்பேசி ஒலித்தது. கீழே நான்காவது வீட்டுச் சீன அங்கிள் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். அவர் வீட்டுக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்ததாம். வெளிர் பச்சை நிறம், மீன் வாடை. அதன் கீழே, சுத்தம் செய்யாமலேயே ஆற்று நீரை விட்டுவிட்டார்கள் என்று ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள். நானும் ஒரு கோப முகத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அப்பா ரப்பர் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லாரி டேங்கிலிருந்து டீசல் எடுக்கறப்ப, வாயால ஒரு தடவ இழுத்து விட்டா அப்புறம் தானா எறங்குமில்ல? அதே கததான் இது."

அவ்வளவுதான் விஷயம். தெருக் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் நம் வீட்டுக்குள் வரும். அழுத்தம் போய்விட்டால் குழாய்க்குத் திசை கிடையாது. கீழ் வீடுகளில் யாராவது தண்ணீர் வந்துவிட்டதா என்று பைப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். குழாயில் மிச்சமிருந்த நீர் கீழே இறங்க, அந்த உறிஞ்சலில் எங்கள் குளத்து நீர் ரப்பர் குழாய் வழியாக ஏறி, மீட்டரைக் கடந்து, தெருக் குழாய்க்குப் போயிருக்கிறது. இதைத்தான் பின்னோட்டம் என்கிறார்கள். தண்ணீர் நிறுவனம் நமக்குத் தண்ணீர் அனுப்புகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நாமும் அனுப்ப முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

உடனே பைப்பை மூடி ரப்பர் குழாயை வெளியே எடுத்தோம். அடுத்து என்ன செய்வது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கம். பழி ஏற்கெனவே தொழிற்சாலை மேல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. "கொதிக்க வச்சுக் குடிங்கன்னு குழுவுல பொதுவா ஒரு வரி போட்டுடலாம்பா" என்றேன்.

"ரெண்டாவது வீட்டுல பச்சப்புள்ள இருக்கு" என்றார் அப்பா. அந்த வீட்டு மக்சிக்கின் மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எங்கள் குளத்து நீர் உங்கள் குழாய்க்குள் வந்திருக்கலாம் என்று சொன்னோம். தண்ணீர் திரும்பி வந்ததும், நிறமும் வாடையும் போகும்வரை ஓட விடுங்கள், அதுவரை குடிக்கவோ புட்டி கழுவவோ வேண்டாம் என்றும் சொன்னோம். தண்ணீர் நிறுவனத்தையும் அழைத்துச் சொல்லிவிட்டேன். மக்சிக் வீட்டில் புட்டிப்பாலுக்குக் கடையில் வாங்கிய தண்ணீரைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அப்பா அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சீன அங்கிள் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் மீன் சூப்பா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் வீட்டிலும் ரப்பர் குழாய் துணி ஊறும் தொட்டிக்குள்தான் கிடக்கிறது என்று சொல்லி எடுக்கப் போனார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆகியிருக்கலாம். வேறு இடங்களில் ஆகியிருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் காற்பந்துக் குழுவில் 97 பேரில் 90 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. காரணத்தைத் தேடியவர்கள் பயிற்சித் திடலில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருந்த குழிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நோய் கண்டிருந்த பிள்ளைகள் அங்கே தண்ணீரில் விளையாடியிருந்தார்கள். அருகில் ஒரு தீ விபத்து. தீயணைப்பு வீரர்கள் நீரை இழுக்க, குழாயில் அழுத்தம் விழுந்தது. குழியில் தேங்கிய நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. அதன்பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள் அதைக் குடித்தார்கள். இரண்டே ஆட்டங்களோடு அந்தப் பருவம் முடிந்தது.

2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில் நடந்தது இன்னும் பெரியது. கழிவுநீர் நிலையத்தில் குடிநீர்க் குழாயையும், சுத்திகரித்து வெளியேற்றும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்த ஒரு வால்வு திறக்கப்பட்டது. லட்சக்கணக்கான லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. 8,000 பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இரண்டு நீரும் சந்திக்கக்கூடிய ஓர் இணைப்பு இருந்ததுதான் அங்கே தவறு. எங்கள் வீட்டில் அந்த இணைப்பு ஒரு ரப்பர் குழாய்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. உங்கள் சமையலறைத் தொட்டியைப் பாருங்கள். பைப்பின் வாய், தொட்டியின் விளிம்புக்கு மேலேயே நிற்கும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் அழுக்கு நீர் அதைத் தொடாது. கூரைத் தொட்டியிலும் மிதவை வால்வு நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்தக் காற்று இடைவெளிதான் காவல். பைப்பு வாயின் விட்டத்தைப்போல் இரு மடங்காவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ரப்பர் குழாயை மாட்டி வாளிக்குள்ளோ குளத்துக்குள்ளோ இறக்கும்போது, அந்தக் காவலை நாமே நீக்கிவிடுகிறோம்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய முதல் இடம் கழிப்பறை. அங்குள்ள கைக்குழாய், பீங்கானுக்குள் தொங்காமல் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். பூச்சிமருந்து கலக்கும்போது ரப்பர் குழாயின் முனை மருந்துக்குள் மூழ்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. வெளிக் குழாயின் வாயில் திருகி மாட்டும் சிறிய பித்தளைச் சாதனம் ஒன்று உண்டு. அழுத்தம் விழுந்தால் அது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறித்துவிடும். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று தெருக் குழாயிலிருந்தே நேரடியாக இழுக்கும் பம்பை மாட்டாதீர்கள். நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. அந்த பம்பு நமக்கு நீரை இழுக்கும்போது அண்டை வீட்டின் அழுத்தத்தைக் குறைக்கிறது. தண்ணீர் நின்ற நாட்களிலோ, பைப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது.

அந்த வாரம் நான் குழுவில் எழுதியதை இன்னும் அழிக்கவில்லை. ஆற்றில் மேலே இருந்தவன் செய்ததைத்தான், தெருவில் மேலே இருந்த நாங்களும் செய்தோம். அவனுக்கு லாபம் காரணம், எங்களுக்கு அறியாமை காரணம். கீழே குடிப்பவருக்கு அதில் என்ன வித்தியாசம்? தொழிற்சாலைகள் மீதான கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது நியாயமானதுதான். ஆனால் இப்போது எழுதும் முன் ஒருமுறை பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா குளத்துக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறார். ரப்பர் குழாயின் முனை அதில்தான் தொங்கும். தண்ணீர் ஒரு முழ உயரத்திலிருந்து குளத்தில் விழுகிறது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். மீனுக்கும் காத்து கிடைக்குது, நமக்கும் நிம்மதி என்கிறார்.