பொம்மைக் கடையும் பந்தயத் திடலும்

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் கிழக்கேகோட்டையைத் தவிர்க்க முடியாது. நகரப் பேருந்துகள் வந்து திரும்புவது இங்கேதான். ஒரு பக்கம் பழவங்காடி கணபதிக்குச் சிதறு தேங்காய் உடைகிறது. கோட்டை வாசலைத் தாண்டினால் பத்மநாபசுவாமி கோயில். எதிர்த்திசையில் நடந்தால் சாலைக் கடைத்தெரு. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை அது. தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெரு. 2021-ல் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கே கடை நடத்திக்கொண்டேதான் இந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழ்க் கதைகளுக்குள் கொண்டுவந்தார்.

பாத்திரம், கயிறு, மளிகை, பிளாஸ்டிக் வாளி என்று எல்லாம் விற்கும் இத்தகைய தெருவில் ரிமோட் காருக்கும் இடம் உண்டு. ஓணத்துக்கு வாங்கிக் கொடுக்கப்படும் அந்தக் காரின் வாழ்க்கை வரலாறு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் வரவேற்பறையில் சீறிப் பாயும். அடுத்த வாரம் ஒரு சக்கரம் சுற்றாது. உள்ளே தேய்ந்தது நகத்தளவு பல்சக்கரம்தான். ஆனால் அது தனியாகக் கிடைக்காது. கார் பரணுக்குப் போகும்.

பார்ப்பதற்கு இதே போல இருக்கும் இன்னொரு ரகக் கார் பரணுக்குப் போவதில்லை. அதன் ஊர் ஜப்பானிலுள்ள சிசுவோக்கா. அங்கே மர வியாபாரத்தில் தொடங்கி மாதிரி வாகனங்களுக்கு மாறிய டாமியா நிறுவனம், 1976-ல் போர்ஷே 934 காரைச் சிறிய அளவில், மின்மோட்டாரும் ரேடியோவும் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அதை வடிவமைப்பதற்காக ஷுன்சாகு டாமியா நிஜ போர்ஷே ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். 2025-ல் தமது 90-வது வயதில் அவர் காலமானார். ‘பிரித்துப் பார்’ என்பது அந்த நிறுவனத்தின் கார்களில் தங்கிவிட்டது. பெட்டிக்குள் வருவது கார் அல்ல, உதிரி பாகங்கள். வாங்கியவர்தான் பூட்ட வேண்டும். எந்தப் பாகம் உடைந்தாலும் அதை மட்டும் வாங்கி மாற்றலாம்.

இந்தக் கார்களில் ஒரு வகையின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, கிழக்கேகோட்டையில் நிற்கும் டீசல் பேருந்து ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தால் போதும். முன்னால் உள்ள எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட். 2003-ல் வந்த டிடி-01, 2013-ல் வந்த டிடி-02 ஆகிய டூரிங் கார்களின் நடுவிலும் அப்படி ஒரு தண்டு ஓடுகிறது. மோட்டார் அதைச் சுழற்ற, அதன் இரு முனைகளிலும் உள்ள கூம்புப் பல்சக்கரங்கள் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் ஒருசேரத் திருப்புகின்றன. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அகலம் 19 சென்டிமீட்டருக்குள்.

உலகப் போட்டிகளின் உச்சியில் ஓடுபவை பெரும்பாலும் தண்டுக்குப் பதிலாகப் பெல்ட் பூட்டிய கார்கள். தண்டு சுழலும்போது காரின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும் என்பது ஒரு காரணம். ஆனால் தண்டுக் கார் விலை குறைவு. பல்சக்கரங்கள் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் கார் நிறுத்துமிடத்தின் பொடிக்கற்கள் உள்ளே புகுவது அரிது. அதனால்தான் பல நாடுகளில் கிளப் பந்தயங்களின் முதல் வகுப்பில் இவை ஓடுகின்றன. எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஒரே டயர், ஒரே கியர் விகிதம் என்று விதி வைத்துவிட்டால் பணப்பையின் கனம் செல்லாது. விரலின் நிதானம்தான் செல்லும்.

பந்தயம் பெரும்பாலும் 5 நிமிடம். ஓட்டுபவர்கள் மேடையில் வரிசையாக நிற்க, தரைக்கடியில் பதித்த கம்பி ஒவ்வொரு காரின் சுற்றையும் எண்ணுகிறது. முடித்தவர்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. அடுத்த பந்தயத்துக்கு அவர்கள்தான் மார்ஷல்கள். வளைவுகளில் நின்று, கவிழும் கார்களைத் தூக்கி நிறுத்த வேண்டும். சற்று முன் முந்திப் போனவரின் காரும் அதில் இருக்கலாம்.

இந்தியாவில் இந்த ஆசைக்கு விலை அதிகம். சுங்க அட்டவணையில் விளையாட்டுப் பொம்மையும் மாதிரிக் காரும் ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் ஒரு வாரத்தில் பரணேறும் காருக்கும், பத்து வருடம் பழுது பார்த்து ஓட்டக்கூடிய காருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் இயந்திரத்தை உள்ளூர்க் கைகள் தமதாக்கிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து தொடங்கியபோது, பேருந்தின் சேசிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த சால்ட்டரின் மேற்பார்வையில், மேலே இருக்கும் கூண்டை இங்குள்ள தொழிலாளர்கள் கட்டினார்கள். மாதிரிக் காரிலும் அதே ஏற்பாடுதான். அடிப்பகுதி எல்லோருக்கும் ஒன்று. மேலே பொருத்தும் பாலிகார்பனேட் கூட்டை உள்பக்கமாக வர்ணம் பூசி அவரவர் தமதாக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு கிளப்புக்கு வேண்டியது கல்யாண மண்டபம் அளவுக்குச் சமமான தரையும், விரிக்க ஒரு கம்பளமும், ஒரே மாதிரியான எட்டுக் கார்களும், தோற்றாலும் வளைவில் போய் நிற்கச் சம்மதிக்கும் எட்டுப் பேரும். ஓணத்துக்கு வாங்கிய காரைத் திருப்பிப் போட்டு, அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றப் பார்க்கும் பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கும். ‘உடைத்துவிடாதே’ என்று பிடுங்கி வைக்காமல், ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்கிக் கொடுக்கலாம். சாலைக் கடைத்தெருவில் அதற்கும் கடை உண்டு.