நிற்காமல் சுற்றும் லோடு

கனரக லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் உடனே லாரி கிடைத்துவிடாது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம், வயது 20 என்று சட்டம் கேட்பதையெல்லாம் முடித்துக்கொண்டு போனாலும், “எத்தனை வருஷம் லைன் ஓட்டியிருக்க?” என்றுதான் லாரி ஷெட்டில் கேட்பார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த அந்த இளைஞருக்குச் சொல்ல பதில் இல்லை. பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் அந்தக் கெடுபிடி குறைவு என்று யாரோ சொல்ல, மிக்ஸர் வண்டிக்கு வந்துவிட்டார். கிட்டத்து ஓட்டம், ராத்தங்கல் இல்லை. ஆனால் புதுக் கைக்கு இதைவிடச் சிக்கலான வண்டி இருக்குமா என்பது, கேபினில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு எழுந்த சந்தேகம்.

டிரம்மில் 6 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன், வண்டியோடு சேர்த்தால் 25 டன்னைத் தாண்டும். மணல் லோடு ஏற்றினால் ஏற்றிய இடத்தில் கிடக்கும். இதுவோ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் அசைகிறது. டிரம் ஒரே திசையில் சுற்றுவதால் கலவை ஒரு பக்கமாக ஏறி நிற்கும். அதனால் ஒரு பக்க வளைவில் பயம் கூடுதல். மதுரவாயலில் பைபாஸ் ஏறும் வளைவு வந்ததும், பழக்கிவிட வந்திருந்த மூத்த டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார். “வளைவுக்குள்ள போய் பிரேக்கத் தொடாத தம்பி. வெளியிலேயே வேகத்தக் கொன்னுடு.” சரிங்கண்ணே என்று கியரை இறக்கினார் இளைஞர். பின்னால் ஹாரன் அலறியது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

போரூர் நெரிசலில் இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது. லோடு ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கி முடிக்கவேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926 தரநிலை. இறுகலைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்த்திருந்தால் கொஞ்சம் சலுகை. பிளான்ட்டை விட்ட நேரம் சலானில் இருக்கிறது. ஹைட்ராலிக் பழுதாகி டிரம் நின்றுபோனால்? “சக்கரையக் கொட்டணும்” என்றார் மூத்தவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான், சர்க்கரை சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அந்தக் கான்கிரீட் அதோடு குப்பை.

இப்படி நேரம் நெருக்கும் வண்டிக்கு டிரிப் கணக்கில் பேட்டா கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வளைவில் மெதுவாகப் போ என்று சொல்லிவிட்டு, வேகமாக வந்தால் காசு என்றும் சொன்னால் எப்படி?

சைட்டில் டிரம்மை வேகமாகச் சுற்றவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். உள்ளே திருகுபோல் வளைந்த தகடுகள் கலவையை வாய்க்குத் தள்ளுகின்றன. முதலில் கொஞ்சம் எடுத்து, 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காக, அடுக்குக்கு 25 குத்துக் குத்தி நிரப்பி, கூம்பைத் தூக்கி எவ்வளவு சரிகிறது என்று அளந்தார்கள். அளவு சரியாகவே இருந்தது. ஆனாலும் பம்ப் பக்கம் நின்றவர், “கெட்டியா வருது, கொஞ்சம் தண்ணி விடுப்பா” என்று சத்தம் போட்டார்.

தண்ணீர் டேங்க் வண்டியிலேயே இருக்கிறது; குழாயைத் திறந்தால் போதும். கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், எல்லோருக்கும் வேலை சுலபம். தூணின் பலம் மட்டும் குறையும். அது 28 நாள் கழித்து சோதனைக் கியூபை உடைக்கும்போது தெரியலாம், தெரியாமலும் போகலாம். இளைஞர் மூத்தவர் முகத்தைப் பார்த்தார். “பிளான்ட்டுக்கு போனப் போடு. அவங்க சொல்லாம ஒரு சொட்டு விடாத” என்றார் அவர். சைட்டில் இருப்பவர்களிலேயே குறைந்த அதிகாரம் உள்ள ஆளிடம் அந்தக் குழாயைக் கொடுத்து வைத்திருக்கிறோம். லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடத்தான் சொல்வார்கள், இதைக் கேட்பதில்லை.

திரும்பி வந்ததும் டிரம்மைக் கழுவவேண்டும். எவ்வளவு கழுவினாலும் தகடுகளில் கொஞ்சம் ஒட்டி இறுகும். அதைப் பெயர்க்க அவ்வப்போது ஆள் உள்ளே இறங்கி பிரேக்கரால் உடைக்கிறார். இரும்புக் கூட்டுக்குள் அந்தச் சத்தமும் தூசியும் வெளியே நின்ற எனக்கே தாங்கவில்லை. உள்ளே ஆள் இருக்கும்வரை வண்டிச் சாவி அவர் பையிலேயே இருக்கும். மேனேஜர் கேட்டாலும் தரக்கூடாதாம். புதியவரை அந்த வேலைக்கு இன்னும் இறக்கவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை. அனுபவம் என்று சொல்லிக்கொள்ள இங்கே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, டிரெய்லருக்குப் போய்விடும் யோசனையில் இருக்கிறார்.